நாற்பத்தொன்பதாவது மணி நேரம்

மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களுக்கென்று ஒரு நடை உண்டு. மனுதாரர் எப்போதும் சாலையின் இடது ஓரமாக, விதிகளுக்கு உட்பட்டு, நிதானமாக வந்துகொண்டிருப்பார். எதிர்மனுதாரர் எப்போதும் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதுவார். தூத்துக்குடியில் தாக்கலான மனுவானாலும் கிருஷ்ணகிரியில் தாக்கலான மனுவானாலும் இந்த இரண்டு வாக்கியங்கள் மாறுவதில்லை. ஊர், தேதி, வண்டி எண், காயங்களின் விவரம் இவைதான் மாறும். அப்படியொரு மனு நீதிமன்றச் சம்மனோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. 1ஆம் எதிர்மனுதாரர் நான். 2ஆம் எதிர்மனுதாரர் என் காருக்குக் காப்பீடு தந்திருந்த நிறுவனம். கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்த மகள் முழுவதையும் படித்துவிட்டு, "நீ அப்படியாப்பா ஓட்டுன?" என்று கேட்டாள்.

இல்லை. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலை. இருட்டத் தொடங்கிய நேரம். ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. அதற்கு அப்பாலிருந்து, நான் போகும் தடத்தில் எனக்கு எதிராக, ராங் சைடில் வந்த டி.வி.எஸ். எக்ஸெல் லாரியைச் சுற்றிக்கொண்டு சட்டென்று என் முன்னால் வந்தது. முகப்பு விளக்கு எரியவில்லை. வேக வரம்புக்கு உள்ளேதான் வந்துகொண்டிருந்தேன். பார்த்த மாத்திரத்தில் பிரேக்கை முழுதாக மிதித்தேன். டயர் தேய்ந்த கறுப்புக் கோடு தார்ச்சாலையில் நீளமாகக் கிடந்தது. போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்திலும் அந்தக் கோடு இருக்கிறது. எக்ஸெல்லை ஓட்டிவந்தவர் நாற்பது வயதை நெருங்கிய கொத்தனார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் கூடியது. தண்ணீர் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். கல்லைக் கையில் எடுத்தவர்களும் இருந்தார்கள். விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் விலக்கு உண்டு என்றும் அதே பிரிவே சொல்கிறது. யார்மேல் தப்பு என்று விசாரிப்பதற்கு முன்பே கை ஓங்கிவிடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் போகவில்லை. 108 வரும்வரை அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அரசு மருத்துவமனையில் யார்மேல் தப்பு என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் நடப்பில் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும்; தொடங்கியபோது ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள். அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம், காப்பீட்டு அட்டை உண்டா என்பதெல்லாம் தடையில்லை. அவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா, எந்தப் பக்கமாக வந்தார் என்பதும் தடையில்லை. ரத்தம் போகிறது, நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்த இரண்டு நாட்களில் இந்த மாநிலம் நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது.

நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில் அந்தக் கேள்வி வருகிறது. அடிபட்டவர் பிழைத்துவிட்டார், இனி வாழ வேண்டும். சாரத்தில் ஏற முடியாத கொத்தனார் எப்படி வாழ்வார்? பதில் வேண்டுமென்றால் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லியாக வேண்டும். சொல்லப்படுகிறவர் பெரிய வண்டியை ஓட்டியவராக இருப்பார்.

"பெரிய வண்டி மேலதான் சார் எஃப்.ஐ.ஆர். போடுவோம். அது வழக்கம். நீங்க கோர்ட்ல சொல்லிக்குங்க" என்றார் எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா. அவர் குரலில் பகை இல்லை. அப்போது இந்திய தண்டனைச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. 279, 338 பிரிவுகள். பார்வை மகஜர் போட்டார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் காரைச் சோதித்து, விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல என்று சான்று தந்தார். அந்தச் சான்றின் பொருள், தப்பு மனிதருடையது என்பது. காகிதங்கள் அடுக்கப்பட்ட வரிசையில் அந்த மனிதர் நானாக இருந்தேன்.

பிறகு ஆலோசனைகள் வந்தன. எல்லாமே நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவை. குற்றவியல் நீதிமன்றத்தில், "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிருங்க சார், ஒரே வாய்தாவுல முடிஞ்சிரும்" என்றார்கள். அப்படி ஒத்துக்கொண்டால் அந்த ஒப்புதலின் நகல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சான்றாவணமாகப் போய்ச் சேரும் என்பதை யாரும் சொல்லவில்லை, கேட்டபோதுதான் சொன்னார்கள். இழப்பீட்டு வழக்கில் என் வக்கீல் நண்பரே, "நீங்க ஆஜராகவே வேணாம். எக்ஸ்பார்ட்டி ஆயிருங்க. லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, உங்க கையிலருந்து அஞ்சு பைசா போகாது. அவங்க பாத்துக்குவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால் நிலைமை வேறு. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியில், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வீட்டை விற்றுக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆபத்து இல்லை.

அப்படியானால் எதற்காகத் தூக்கம் கெட்டது? பணம் என்னுடையது இல்லை; நான் வாய் திறக்காமல் இருந்தால் அது நிறுவனத்திலிருந்து கொத்தனாருக்குப் போய்ச் சேரும். கைமாறாக என் பெயருக்குக் கீழே அந்த வாக்கியம் மறுக்கப்படாமல் இருக்க வேண்டும். ஒரு கால் போனவருக்கு முன்னால் என் பெயர் பெரிதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பெரிதுதான் என்று ஒரு மனம் சொன்னது. அந்தப் பதிலைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் உண்மையான உணர்ச்சிகள். ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

திருவாரூரில் தியாகராசர் கோயிலுக்கு வெளியே ஒரு கல்தேர் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. தமிழர்கள் நீதி என்றதும் நினைக்கிற முதல் கதை ஒரு சாலை விபத்து வழக்கு என்பதை இத்தனை வயதுக்குப் பிறகுதான் கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் அரசனைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள், பசுவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். தேரில் இருந்தவனைப் பற்றி யாரும் நின்று பேசியதில்லை. சேக்கிழார் அவன்மேல் குற்றம் வைக்கவில்லை. கன்று யாரும் அறியாமல் துள்ளிவந்து சக்கரங்களுக்கு நடுவே புகுந்துவிட்டது. மகாவம்சம் இதே நிகழ்ச்சியை எல்லாளனின் மகன்மேல் ஏற்றிச் சொல்கிறது. அநுராதபுரத்தில் திஸ்ஸ குளத்துக்குப் போகும் வழியில் கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறுகிறது, அங்கும் அறியாமல்தான். கடலுக்கு இருபுறமும் கதை சொன்னவர்கள் இருவருமே ஓட்டியவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதைக் கவனமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும்.

பெரியபுராணத்து இளவரசன் தேரிலிருந்து இறங்குகிறான், பதறுகிறான், தந்தையின் காதுக்குப் போகும் முன்பே பரிகாரம் தேடி அந்தணர்களிடம் போகிறான். அவனை யாரும் அனுப்பவில்லை. பிறகுதான் மணி ஒலிக்கிறது. அமைச்சர் இளவரசனுக்காக வாதாடுகிறார்: கன்று தானாக வந்து விழுந்தது, பசுவதைக்கு நூல்கள் சொல்லும் கழுவாய் உண்டு, அதைச் செய்தால் போதும். அரசனுக்கு இது ஏற்கவில்லை. பசு இழந்ததை அந்தக் கழுவாய் ஈடுசெய்யுமா என்று கேட்கிறான். மகன்மேல் தேரை ஓட்டும்படி ஆணை பெற்ற அமைச்சர், அதைச் செய்வதைவிடத் தன் உயிரையே விட்டுவிடுகிறார். அரசனே தேரேறுகிறான். கடைசியில் சிவபெருமான் எல்லோரையும் எழுப்பித் தருகிறார்.

அரசனைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் இப்போது படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பசு என்ன இழந்தது என்பது ஒரு கேள்வி. மகன் என்ன செய்தான் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை அரசன் இரண்டாவது கேள்வியின் தலையில் சுமத்தினான். அமைச்சரோ மகன் தப்பு செய்யவில்லை என்பதாலேயே பசுவின் இழப்பைச் சடங்குக்குள் அடக்கிவிடப் பார்த்தார். இரண்டும் பிரியவே இல்லை. இன்றைய தீர்ப்பாயத்திலும் அவை பிரியவில்லை. கொத்தனாருக்குச் சோறு வேண்டுமென்றால் நான் குற்றவாளியாக வேண்டும். நான் குற்றமற்றவனென்றால் அவர் வெறுங்கையோடு போக வேண்டும்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976இல் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. ஒரு குழந்தை அவர் வண்டியில் அடிபட்டு இறந்துவிடுகிறது. அங்கே நிற்கிற மற்றவர்களைப் போல அவரால் வருந்த முடியாது, அவருடைய வருத்தம் வேறு வகை என்கிறார் வில்லியம்ஸ். நாம் அவரைத் தேற்றுவோம், உன்மேல் தப்பில்லை என்போம். அதே சமயம் அவர் சட்டென்று தேறிவிட்டால் நமக்கு அவர்மேல் ஏதோ சந்தேகம் வரும். இதைப் படித்தபோது அந்த இளவரசனை நினைத்தேன். செய்யாத தப்புக்குப் பரிகாரம் தேடி ஓடியவன் அவன். என் கார் மோதித்தான் அந்தக் கால் போயிற்று. இதை எந்தத் தீர்ப்பும் மாற்றாது. மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நான் செய்த செயலால் நேர்ந்தது என்பதற்கும் நான் செய்த குற்றம் என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. மனுவில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

சட்டம் அந்த இடத்தைத் தேடிப் பலமுறை போயிருக்கிறது. 1977இல் மினு பி. மேத்தா வழக்கில் நீதிபதி பி.எஸ். கைலாசம் எழுதிய தீர்ப்பு, ஓட்டியவரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படாமல் உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றது. தர்க்கத்தில் பழுதில்லாத தீர்ப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதையடுத்து வந்த தன் தீர்ப்புகளில், தவறு பார்க்காத பொறுப்பை நோக்கி இந்தச் சட்டம் வளர வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1980இல் அவர் முன் வந்தது தமிழ்நாட்டு வழக்கொன்று. தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பேருந்து பட்டு 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். குற்றவியல் நீதிமன்றம் இது தெய்வச் செயல் என்று ஓட்டுநரை விடுதலை செய்திருந்தது. அந்த விடுதலை இழப்பீட்டைத் தடுக்காது, சிறுசிறு ஐயங்களைக் காட்டி அப்பாவிகளின் குடும்பங்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றார் கிருஷ்ணய்யர். என் வழக்கிலும் இதுவே நடந்தது. ஃபைன் கட்ட மறுத்து நடத்திய குற்ற வழக்கில் விடுதலையானேன். தீர்ப்பாயத்தில் அந்த விடுதலை ஒரு காகிதமாக ஓரத்தில் கிடந்தது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும்.

1982இல்தான் பழைய சட்டத்தில் முதல் முறையாக, தவறு யாருடையது என்று கேட்காமல் இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று ஒரு பிரிவு நுழைந்தது. 1988 சட்டத்தில் அது 25,000, 12,000 ஆகி, 1994இல் 50,000, 25,000 ஆனது. 2001இல் கௌஷ்னுமா பேகம் வழக்கு. ஜீப்பின் முன்டயர் வெடித்து வண்டி கவிழ்ந்ததில், சாலையில் நடந்துபோன ஒருவர் இறந்தார். ஓட்டுநர்மேல் தவறில்லை என்று கீழே தள்ளுபடியாகி வந்த மனு. ஆபத்தான ஒன்றைப் பொதுவெளியில் இயக்குகிறவர், தன் தவறு இல்லாவிட்டாலும் அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பு என்று 1868ஆம் ஆண்டின் பழைய ஆங்கிலத் தீர்ப்பொன்றை எடுத்துவைத்து உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுத்தது. நடந்துபோனவர் எதுவும் செய்யவில்லை, ஓட்டியவரும் எதுவும் செய்யவில்லை. இருந்தும் ஒரு குடும்பம் இழந்திருக்கிறது, வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து அதைச் சுமக்க வேண்டும். இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை வக்கீல் நண்பரால் புரிந்துகொள்ள முடியவில்லை. என்னைக் குற்றவாளி என்று சொல்லாமலே என்னிடம் பொறுப்பு கேட்கிற ஒரு குரலை அப்போதுதான் சட்டத்தில் கேட்டேன்.

2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள 164ஆம் பிரிவு, தவறு பாராமல் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்கிறது. நாற்பது வயதில் கால் போன ஒரு கொத்தனார் 2.5 லட்சத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டுவார்? ஆகவே அவருடைய வக்கீல் 166ஆம் பிரிவில்தான் மனு போடுவார், போட வேண்டும். அங்கேதான் சர்ளா வர்மா வழக்கின் அட்டவணை இருக்கிறது. 36 முதல் 40 வயதுவரை என்றால் ஆண்டு வருமான இழப்பை 15 மடங்காகக் கணக்கிடுவார்கள். ஆனால் அந்த அறைக்குள் நுழைய, அடுத்தவர் தப்பு செய்தார் என்ற சீட்டு கையில் இருக்க வேண்டும். மனுவின் அந்த இரண்டு வாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது எனக்கு இப்போது தெரியும். கொத்தனாருக்கு என்மேல் எந்த வன்மமும் கிடையாது.

இதை அவர் வாயாலேயே கேட்டேன். வாய்தாவுக்குப் போன ஒரு நாளில் தீர்ப்பாய வராந்தாவில் அவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா எழுந்து வந்து, "உங்க மேல கோவமெல்லாம் இல்ல சார். இப்படி எழுதுனாத்தான் நிக்கும்னு வக்கீல் சொன்னாரு" என்றார். பெஞ்சில் கட்டையைச் சாய்த்து வைத்திருந்த அவர், "நாந்தாண்ணே ராங்குல வந்தேன். எனக்குத் தெரியாதா?" என்றார். வக்கீல் பார்த்துவிடப் போகிறாரே என்று அந்தம்மா அவரை அதட்டினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பேச்சு வழக்கைப் பற்றி அதிகம் போகவில்லை. அவர் ஊரைப் பற்றிப் போயிற்று. சாலை நான்குவழியானபோது ஊருக்கு எதிரே நடுத்திட்டை அடைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டும். அணுகு சாலையும் கிடையாது. பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் பார்த்து ஊரே ஓரமாக எதிர்த்திசையில் வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அப்படித்தான் வருவார்கள்.

தவறு யாருடையது என்று கேட்கத் தெரிந்த சட்டம், அந்தக் கேள்வியை எங்களிருவரோடு நிறுத்திக்கொண்டது. 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தின்படி சாலையை வடிவமைக்காத, பராமரிக்காத அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்கிறது. எங்கள் மனுவில் 3ஆம் எதிர்மனுதாரர் என்று யாரும் இல்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். நாடு முழுவதும் அந்த ஆண்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இத்தனையிலும் ஓட்டியவரும் அடிபட்டவரும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கூண்டில் நிற்கிறார்கள்.

கூண்டில் ஏற எனக்குச் சம்மன் வந்தது காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பிலிருந்து. எதிர்மனுதாரர் தரப்பு 1ஆம் சாட்சி. என் வாயால் அவர் ராங் சைடில் வந்தார் என்று சொல்லவைத்தால் நிறுவனம் பணம் கட்டத் தேவையில்லை. இதுதான் என்னை அழுத்தியது. பொய்யைச் சொன்னால் ஒரு குடும்பம் சாப்பிடும். உண்மையைச் சொன்னால் ஒரு நிறுவனம் மிச்சம் பிடிக்கும். பொய் சொல்லிவிடுங்கள் என்று சொன்ன நண்பர்கள் கெட்டவர்கள் இல்லை, என்னைவிட இளகிய மனம் உள்ளவர்கள். ஆனால் சத்தியம் செய்துவிட்டு நிற்கிற இடத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரக்கத்தினால் சொன்ன பொய் என்றாலும் நாளைக்கு என் மகளிடம் நான் அப்படித்தான் ஓட்டினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். நடந்ததைச் சொன்னேன். குறுக்கு விசாரணையில் மனுதாரரின் வக்கீல் ஒவ்வொன்றாக வைத்தார். நான் அதிவேகமாக வந்தேன் என்றால் சரியல்ல, நான் கவனக்குறைவாக இருந்தேன் என்றால் சரியல்ல என்று என் பதில்கள் பதிவாயின.

பிறகு யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னேன். அந்த இடத்தில் ஊர்க்காரர்களுக்குச் சாலையைக் கடக்க வழி கிடையாது, வேறு வழியில்லாமல்தான் எல்லோரும் அப்படி வருகிறார்கள், அடிக்கடி அந்தப் பக்கம் போகிற நானே பார்த்திருக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்" என்றார். நீதிபதி சொல்லவிட்டு எழுதிக்கொண்டார்.

தீர்ப்பில் அந்த வரிதான் நின்றது. ஊர் மக்கள் எதிர்த்திசையில் வருவது வழக்கம் என்று 1ஆம் எதிர்மனுதாரர் தானே அறிந்திருக்கிறார். ஆகவே அந்த இடத்தில் அவர் கூடுதல் கவனத்தோடு வந்திருக்க வேண்டும். பொறுப்பு இருவருக்கும் பாதிப் பாதி. கணக்கிட்ட தொகையில் பாதியை நிறுவனம் வட்டியோடு கட்ட உத்தரவாயிற்று. நான் விரும்பிச் சொன்ன உண்மை என்மேல் பாதிக் குற்றமாகவும் அவர் வீட்டில் பாதிப் பணமாகவும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாதியை இன்றும் என் மனம் ஏற்கவில்லை. அந்த லாரிக்கு அப்பால் என்ன வருகிறதென்று பார்க்க யாராலும் முடிந்திருக்காது. ஆனால் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேட்டாலும் சொல்வேன்.

நியூசிலாந்தில் நான் இந்தக் கூண்டில் ஏறியிருக்கவே மாட்டேன். அங்கே ஓவன் வுட்ஹவுஸ் என்ற நீதிபதியின் தலைமையிலான குழு 1967இல் ஒரு அறிக்கை தந்தது. விபத்தில் அடிபட்டவர் யாரானாலும், தப்பு யாருடையதானாலும் சமூகமே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடும் வழியை மூடிவிட வேண்டும் என்றது. 1972இல் சட்டமாகி 1974 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. வண்டி வைத்திருப்பவர்களும் முதலாளிகளும் உழைப்பவர்களும் கட்டும் தொகையிலிருந்து, வேலைக்குப் போக முடியாதவருக்கு அவர் சம்பாதித்ததில் 80 சதவீதம் வரை வாராவாரம் போகிறது. தறிகெட்டு ஓட்டியவரைக் குற்றவியல் நீதிமன்றம் தனியாக விசாரிக்கும். அந்த விசாரணைக்கும் அடிபட்டவரின் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. சின்ன நாடு, பணக்கார நாடு, நமக்குச் சரிப்படாது என்பார்கள். முதல் 48 மணி நேரத்துக்கு நமக்குச் சரிப்பட்டுத்தானே இருக்கிறது. 164ஆம் பிரிவின் தொகையை வாழ்நாள் இழப்புக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்தினால், நம்முடைய நீதிமன்ற வராந்தாக்களில் உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் வீட்டுக்குப் போகலாம். எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பணத்தைச் சேர்க்கும் குழாய் போட்டாயிற்று, திறக்கும் சாவியை மட்டும் குற்றத்தின் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம்.

பணம் வந்த பிறகு அவர் ஊருக்குப் போயிருந்தேன். செயற்கைக் கால் பொருத்திப் பழகிக்கொண்டிருந்தார். வீட்டு முன்னால் ஹாலோ பிளாக் கல் அறுக்கும் வேலை ஆரம்பிக்க ஒரு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். நடுத்திட்டைத் திறந்துவிட வேண்டும் என்று. திறந்தால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிகளுக்குக் குறுக்கே எக்ஸெல்கள் புகும், சாவு கூடும், சுரங்கப்பாதைதான் கேட்க வேண்டும் என்றேன். "சுரங்கப்பாதை வர நம்ம பேரன் காலம் ஆயிரும்ணே. இன்னைக்கு ராத்திரி பிள்ளைக டியூசன் விட்டு எப்படி வரும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டையும் எழுதினோம்: சுரங்கப்பாதை வரும்வரை ஊர் எல்லையில் விளக்குகள், வேகத் தடுப்பு, ஓரத்தில் லாரி நிறுத்தத் தடை. மனுதாரர்கள் என்ற இடத்தில் முதலில் அவர் கையெழுத்துப் போட்டார், அடுத்து நான். சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. லாரிகள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.